ஓர் அடுப்புக்கு ஒரு மனை

அன்புள்ள மகன் சந்திகிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், கொனாக்ரியில் நீயும் அப்படியே இருக்க இறைவனைக் கேட்டுக்கொள்கிறேன். நிலக்கடலை பிடுங்கியாயிற்று. புது விமான நிலையத்துக்காக எல்லைக்கல் நட்டுவிட்டதால் இந்த வருடம் நெல் விதைக்கக் கூடாதாம், கூரையையும் மாற்றக் கூடாதாம், ஒழுகும் இடத்தில் சட்டி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை குடும்பங்களை எண்ண வருகிறார்கள். ஊரைக் காலி செய்வதற்கு ஈடாக ஓர் அடுப்புக்கு ஒரு மனை தருவார்களாம், கல்யாணமானவளுக்குத் தனி அடுப்புக் கணக்காம். அதனால் உன் தங்கை யேபுவைப் பெண் கேட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவர் பா சோரி வழக்கப்படி கோலாக் கொட்டை அனுப்பியிருக்கிறார். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் நீ, சம்மதம் என்று ஒரு வார்த்தை அனுப்பு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

அண்ணா, இதுவரை அம்மா சொன்னது. இனி நான், யேபு. அம்மா தூங்குகிறாள், அலிமாமி சித்தப்பா வாசலில் படுத்திருக்கிறார். முதலில் அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். “ஒரு நாள் கூத்துடி. தனியா மூணு கல்லு வச்சு சோறு பொங்கு, கேட்டா சோரி பொண்டாட்டின்னு சொல்லு. அவங்க போனதும் பள்ளிக்கூடம் போயிடு.” நானும் சிரித்துக்கொண்டே கல் பொறுக்கி வந்தேன். என் கையால்தான் வைத்தேன், அண்ணா. நேற்று நிஜமாகவே கோலா வந்துவிட்டது. பா சோரிக்கு நம் அப்பா வயது. “அடுப்பு நல்லா எரியுதே புள்ள, அணைச்சிடாத” என்றார். என் சீருடையைச் சித்தப்பா எடுத்து வைத்துக்கொண்டார். எனக்குப் பதினான்கு, பதினெட்டு என்று சொல்ல வேண்டுமாம். “அவ படிக்கட்டுமே” என்று அம்மா ஒரு தரம் கேட்டாள். “அப்ப ஒரே மனையில எல்லாரும் எங்க படுப்பீங்க, ஓடுபாதையிலயா?” என்றார். ஓடலாம் என்றால் மூன்று பக்கமும் கம்பிவேலி, நாலாவது பக்கம் சோரியின் வீடு.

பதில் எழுதாதே, சித்தப்பாதான் பிரிப்பார். போனும் அவரிடம்தான். ஊர்த் தலைவருக்குப் போன் செய்து, சம்மதம் இல்லை என்று நாலு பேர் காதில் விழச் சொல். வெள்ளிக்கு முன்னால், அண்ணா. இன்று ஞாயிறு, விடிந்ததும் செம்மண் லாரிக்காரர் இதை எடுத்துப் போகிறார்.

அம்மா சொன்னதை எழுதி முடித்ததும் சித்தப்பா படித்துப் பார்த்தார். பிறகு அம்மா கைநாட்டு வைத்தாள், தாளின் கடைசி ஓரத்தில். “ஏன் இவ்வளவு எடம் விட்டு வைக்கிற?” என்று கேட்டார். “கண்ணு தெரியல” என்றாள். அரைவெளிச்சத்தில் அரிசியில் உமி பொறுக்குகிறவள் அவள்.

உன்னை எந்தத் தீங்கும் அண்டாதிருக்கட்டும். வெள்ளியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
யா ருகியாத்து (கைநாட்டு)