பேட்டரியும் சேர்த்துக் கேட்டவளுக்கு

சமுதாயக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாடியில் சோலார் பேனல்கள் காற்றில் கடகடக்கின்றன. அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குத் தையல் வேலை ஓடாது. உன்னிடம் பேச வேண்டும் போலிருக்கும்.

கிராமசபையில் நீ எழுந்து நின்றாயே! இந்தக் கூடத்துக்குப் பேனல் மட்டும் போதும், பேட்டரி வேண்டாம் என்று பேச்சை முடிக்கப் பார்த்தார்கள். பேட்டரி இல்லையென்றால் கரண்ட் போகும்போது அந்த சோலாரும் நின்றுவிடும் என்று பொருத்த வந்தவரே சொன்னார்.

"அப்ப இன்னாத்துக்கு அது? மழையில கரண்ட் போனா எங்கள மாதிரி இழுப்புக்காரங்க எங்க போறது?" என்றாய். சொல்லி முடிப்பதற்குள் உனக்கே மூச்சு வாங்கியது. உட்காருடி என்று கெஞ்சினேன். "பேட்டரியும் போடலாம்மா" என்று தலைவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாய்.

பேனல்கள் ஏறிவிட்டன. பேட்டரி வரத் தாமதமானது. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், இழுப்புக்கு மருந்துப் புகை தரும் உன் நெபுலைசர் மெஷின் பாதியில் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ ஏன்டி அழுவுற?" என்றாய். செஞ்சிக் கோட்டை மலை தெரிந்ததும், "வந்துட்டோம்டி" என்றேன். அது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

இன்று மதியமும் கரண்ட் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரி தன் மகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடி வந்தாள். "அக்கா, கூடத்தத் தொற! பாப்பாவால மூச்சு வுட முடியல!" பேட்டரி வந்த பிறகு கூடத்துச் சாவி என்னிடம்தான். பூட்டைத் திறக்கவே நேரமானது. அவள் கொண்டுவந்த மெஷினைக் கூடத்து ப்ளக்கில் மாட்டிவிட்டுப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா."

வெயில் முகம் பார்த்து நாளாகிறது. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்குமோ தெரியவில்லை. ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்தேன். மழை இருட்டில் அந்தப் பிள்ளையின் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு அவள் பிஸ்கட் கேட்டாள். அவள் அம்மா சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

நீ கேட்டு வாங்கியதில் உனக்கு ஒரு மூச்சுகூடக் கிடைக்கவில்லை. அதை நினைக்காமல் ஒரு மழையும் எனக்குப் பெய்வதில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கரண்ட் இன்னும் வரவில்லை. வேறு யாராவது வருவார்களோ என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.