சொன்னவர் பெயர்

அப்பா,

நம் தெருப் பிணங்கள் வயல்சேற்றில் சுடுகாட்டுக்குப் போவதற்கு உங்கள் மௌனமும் காரணம்.

வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

வயல்காரர் சுடுகாட்டுப் பாதையை அடைத்ததை இதழியல் வகுப்பில் செய்தியாக எழுதினேன். நீங்கள் சொன்னதைப் போட்டேன், பெயரை விட்டுவிட்டேன். "சொன்னவர் பேரில்லாட்டி இது வதந்திம்மா" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெயர் இருந்தால் கல்லூரி இதழில் வருமாம்.

"எம் பேரப் போட்டுடாத பாப்பா, நாளைக்கு அவரு கரும்பத்தான வெட்டணும்" என்றீர்கள். மறுபடி கேட்டால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

திண்டிவனத்திலிருந்து என் விடுதிக்கு வரும் சித்ரா அக்காவிடம் வறுத்த மல்லாட்டையும் (இங்கே நிலக்கடலை என்றால்தான் தெரிகிறது) ஒரு போர்வையும் கொடுத்தனுப்புங்கள். அம்மா போர்த்தியதாக இருந்தால் நல்லது.

மெஸ் மூடப்போகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
அன்புச்செல்வி

உங்கள் பெயரை 'விருத்தாசலம், கரும்பு வெட்டும் தொழிலாளி' என்று போட வேண்டும். சரி என்று சொல்லுங்கப்பா.