ஓரத்து இலை

மச்சான்,

காலையில் மகள் வந்து ‘அன்சர்வ்டு’ என்றால் என்னப்பா என்று கேட்டாள். பத்தாவதை இரண்டு முறை எழுதித் தேறிய என்னிடம் இங்கிலீஷ் கேட்கிறாள் என்றால், செல்போனில் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். சார்ஜ் ஏறியதும் அவளே பார்த்துச் சொன்னாள். சேவை போய்ச் சேராத என்று பொருளாம். ஊருக்கும் சொல்லலாம், ஆளுக்கும் சொல்லலாம். பஸ் போகாத ஊர். கடையில் வெகுநேரம் நின்றும் யாரும் கவனிக்காத ஆள்.

“பந்தியில ஒக்காந்தும் ஒருத்தனுக்குச் சோறு வரலீன்னா?”

“அவனும் அதேதான்பா.”

உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

காரிமங்கலம் பக்கம் எந்த விசேஷம் என்றாலும் சாம்பார் வாளி உன் கையில்தான். நான் ரசம் ஊற்றினால் பாதி அடுத்தவன் வேட்டிக்குப் போகும் என்பதால் எனக்கு உப்புத் தட்டு. “ஓரத்துல ஒக்காந்தவனப் பாருடா, நடுவுல இருக்கறவன் கேட்டு வாங்கிக்குவான்” என்பாய். நான் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது சொன்னாய்: “உன் வூட்டுப் பந்தியில மட்டும் நான் ஒக்காருவேன். நீதான் பரிமாறோணும்.”

கான்கிரீட் போடுவதற்குள் கண்ணை மூடிவிட்டாய். போன வாரம் கிரகப்பிரவேசத்தில் ஊரே சாப்பிட்டது. உனக்கு மட்டும்தான் நான் போடவில்லை.

கடைசிப் பந்தி. ஓரத்தில் ஆளில்லாமல் ஓர் இலை. பரிமாறுகிற பையன்கள் அதைத் தாண்டிப் போனார்கள். எடுத்துவிடலாம் என்று குனிந்தேன். இலையில் தண்ணீர் தெளித்து, கையால் துடைத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவிடம் யார் என்று கேட்டேன். “யாரும் வரலியேப்பா” என்றார்.

உப்பிலிருந்து நானே வைத்தேன். ரசம் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான்.

மோர் எடுத்துக்கொண்டு திரும்பினேன். இலை மூடியிருந்தது. துக்க வீட்டில் மடிப்பதுபோல் எதிர்ப்பக்கமாக அல்ல. மனசு நிறைந்தவர் மடிப்பதுபோல், உட்காரும் பக்கமாக. பெரியப்பா பாயசத்தில் மும்முரமாக இருந்தார்.

இலை எடுக்க வந்த வேலைக்கார அம்மாவை விலக்கி நானே எடுத்தேன். “வூட்டுக்காரரே எச்சில் எடுக்கறாரு, மானம் போவுது” என்றாள் என் மனைவி. நான் போட்டதெல்லாம் உள்ளே இருந்தால் கனத்திருக்க வேண்டும். வெறும் இலையின் எடைதான் இருந்தது. பிரித்துப் பார்க்கவில்லை மச்சான். அதன் இளஞ்சூடு மட்டும் வலது உள்ளங்கையை விட்டு இன்னும் போகவில்லை.