மல்லாட்டை எண்ணெயின் பழைய வர்ஷன்

திண்டிவனம்
20.7.2017

அன்புள்ள தம்பி வெற்றிவேலுக்கு,

அக்கா அஞ்சம்மாள் எழுதுவது. இங்கே உன் மாமா, சங்கவி, நான், செக்கு எல்லோரும் நலம். உன் நலம் விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

வாட்ஸப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் அதை உன் பெண்டாட்டி தமிழ்மொழி முதலில் படிப்பாள், விழுப்புரத்தில் அவள் அண்ணன் பாண்டுரங்கன் அடுத்துப் படிப்பான், உன் முறை வருவதற்குள் நான் எழுதாததெல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அதனால்தான் தபால். ஸ்டாம்ப் ஒட்டத்தான் எச்சில் போதவில்லை. உன்னை நினைத்துத் துப்பித் துப்பி வற்றிவிட்டது.

சேதி இதுதான். நம் எண்ணெய் வெப்சைட் பழையபடி ஆகிவிட்டது. ஆக்கியது நான்.

பொங்கலுக்கு நீ சிங்கப்பூரில் இருந்தபடியே சைட்டுக்குப் புது வர்ஷன் போட்டாய். தீம் என்பது சட்டை, பிளக்கின் என்பது சட்டைப் பை என்று நீதான் சொல்வாய். சட்டையை மாற்றியதும், செக்கு பக்கத்தில் மல்லாட்டைக் கூடையோடு (உன் சிங்கப்பூர் பாஷையில் வேர்க்கடலை) நின்ற என் படம் போய், அந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்தாள். என் பல்லைவிட அவள் பல் வரிசையாக இருந்தது, எண்ணெய் விற்றால் சரி என்று விட்டுவிட்டேன். ஆர்டர் வாங்கும் பிளக்கினில் 'கிளை' என்று ஒரு புது வசதி வந்திருப்பதைச் சொல்லத்தான் உனக்கு நேரமில்லை.

ஆர்டர் குறைந்தது. வெயில் காலம், யாரும் பலகாரம் சுடுவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் கண்டாச்சிபுரம் சின்னபொண்ணு டீச்சர் போன் போட்டார். நம்முடைய முதல் வாடிக்கை அவர். "இன்னாக்கா எண்ணெ அனுப்பிக்கிற? வாசமே இல்ல. தாளிச்சா மோட்டாரு ஆயில் மாரி கீது" என்றார். பொங்கலுக்குப் பிறகு நான் அவருக்கு ஒரு சொட்டுகூட அனுப்பவில்லையே. பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். லேபிளில் என் பேர், என் முகம். கீழே பொடி எழுத்தில் 'விழுப்புரம் கிளை.'

பாண்டுரங்கன் டின் எண்ணெயை என் முகத்துக்குப் பின்னால் ஊற்றி விற்றுக்கொண்டிருக்கிறான். விழுப்புரம் பக்கத்து ஆர்டரெல்லாம் அவன் போனுக்குப் போகும்படி திருப்பிவிட்டது நீ. உன்னைக் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். அம்மா உன்னை மீட்டிங்கில்தான் பெற்றாள் போல.

அக்கா அழுவாள் என்று நினைத்திருப்பாய். அழுதேன். கொஞ்ச நேரம்தான், அடுப்பில் குழம்பு இருந்தது. அப்புறம் யோசித்தேன். கிளை புது வர்ஷனில்தானே இருக்கிறது? பழையதற்கே போய்விட்டால் பாண்டுரங்கன் எங்கே போய் நிற்பான்?

அதற்கு வழி சொல்லிக் கொடுத்ததும் நீதான். எதில் கை வைத்தாலும் முதலில் முழு நகல் எடு, ஃபைலையும் எடு, ஆர்டர் இருக்கிற டேட்டாவையும் எடு, நகலில் செய்து பார்த்துவிட்டு அசலுக்கு வா, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்று என்று சைட் தொடங்கிய புதிதில் பாடம் நடத்தினாய். அப்போது நல்ல பிள்ளையாக இருந்தாய்.

நகலில் தீமையும் பிளக்கினையும் ஒன்றாகப் பின்னுக்கு இழுத்தேன். (எழுதும்போது அது தீமை என்றே வருகிறது, என் குற்றமில்லை.) பக்கம் மொத்தமும் வெள்ளை. இது நகல்தான் என்பது மறந்துபோய்க் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினேன். புகையைப் பார்த்து உன் மாமா மெயினை அணைத்தார். அடுத்த முறை நீ சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். முதலில் பிளக்கின். அது வேலை செய்கிறதா என்று பார்க்க உன் பேரில் ஒரு பொய் ஆர்டர். பிறகு தீம். எல்லாம் சரியாக வந்ததும், பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரத்தில் அசலில் செய்தேன். என் படம் திரும்பி வந்தது. இளைத்த அஞ்சம்மா. நானே கும்பிட்டேன்.

விடிந்து பார்த்தால் மறுபடி வெள்ளைக்காரி.

நீதான் அங்கே உட்கார்ந்து மாற்றிவிட்டாய் என்று முடிவு கட்டினேன். உன்னைச் சபிக்கப் பெருமுக்கல் மலைக் கோயிலுக்கே ஏறினேன். ஏறிய மூச்சிரைப்பில் பாதி சாபம் வழியிலேயே மறந்துவிட்டது, மீதியை முழுசாகச் சொன்னேன். இறங்கி வந்து பார்த்தால், சைட் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் பொத்தானை நான் மூடாமல் விட்டிருக்கிறேன். இறக்கி வைத்ததை அதுவே ஏற்றிக்கொண்டது. அந்த ஒன்றுக்கு மட்டும் நீ காரணமில்லை. அந்தச் சாபம் வாபஸ். மற்றவை நடப்பில் உள்ளன. பல் வலித்தால் அக்காவை நினைத்துக்கொள்.

பொத்தானை மூடிவிட்டு மறுபடி இறக்கினேன். நின்றுவிட்டது. ஆர்டர் இப்போது என் போனில் அடிக்கிறது. பாண்டுரங்கன் பாட்டில் படத்தை டீச்சர் தன் ஆசிரியர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். நான் போடச் சொல்லவில்லை. படம் தெளிவாக இல்லை, வேறு எடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

உன் பேரை நீக்கத்தான் கை போனது. நீக்கவில்லை. அட்மினாக இருந்த உன்னைச் சந்தாதாரராக இறக்கிவிட்டேன். உள்ளே வரலாம், பார்க்கலாம், எதையும் தொட முடியாது.

பழைய வர்ஷனில் ஓட்டை இருக்கிறது, திருடன் நுழைவான், ரொம்ப நாள் வைக்காதீர்கள் என்று சைட்டுக்கு இடம் வாடகைக்குக் கொடுத்த ஹோஸ்டிங்காரர்கள் மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். உண்மைதான். கிளையை எடுத்துவிட்டுப் புதியதைப் போட, விஷயம் தெரிந்தவர் யாராவது உட்கார வேண்டும். எனக்கு அவ்வளவு வராது.

சங்கவிக்கு ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். பத்திரிகையின் மாதிரி இதோடு இருக்கிறது. தாய்மாமன் என்ற இடத்துக்கு நேரே காலியாக இருக்கும். அச்சுப் பிழையில்லை. நம் பெரியப்பா மகன் தேவநாதன் தானே மாமனாக நிற்பதாகப் பட்டு வேட்டிகூட எடுத்துவிட்டான். மாலையை அவன் கையில் கொடுத்து, உன்னை முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பார்க்கலாம், தொட முடியாது. இதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.

சங்கவிதான், யார் கையைப் பிடித்து மேடை ஏறுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் காது குத்தியது உன் மடியில். அச்சகத்துக்குப் போன் போட்டேன். அச்சகக்காரர் ஆடி முடியும்வரை பொறுப்பாராம்.

அதற்குள் போன் செய். மச்சினன் பேரை இழுக்காமல், "தப்புதான்க்கா" என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொல். வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா, ஓட்டையை அடைக்க வேண்டும். பாஸ்வேர்டை நேரில்தான் தருவேன்.

நீயும் பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். தமிழ்மொழியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அக்கா,
அஞ்சம்மாள்