செவ்வாயா வியாழனா

வில்லாபுரம், மதுரை

பிரியமுள்ள மகள் ஜெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் கடிதம். அவர் கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்.

நம் சபை மண்டபத்தில் மனநலத்துக்கும் குடி, போதையை நிறுத்தவும் சேர்த்து ஒரு கிளினிக் தொடங்கப் போகிறோம் என்றேனே, அதற்கு அப்பாதான் செயலாளர், கமிட்டியில் நானும் இருக்கிறேன். மனுஷன் சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துத் திட்டம் போட்டார், குடிக்கிறவர்களுக்குச் செவ்வாய், மனசு சரியில்லாதவர்களுக்கு வியாழன், வாசல்கூட வேறு வேறு. வரப்போகிற டாக்டரம்மா, ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்குமே சார், பிரிக்காதீங்க என்று கெஞ்சாத குறை. வாடிப்பட்டியிலிருந்து ஆட்டோ ஓட்டுகிற மலைச்சாமியும் வந்து, குடியை விட்டுட்டு வான்னு மனசு டாக்டரு சொல்றாரு, மொதல்ல மனசைச் சரிபண்ணிட்டு வான்னு குடி டாக்டரு சொல்றாரு, நான் எங்கிட்டுத்தேன் போறது என்றார். அப்பா அசையவில்லை. குடிகாரன் பக்கத்துல நம்ம வீட்டுப் பொம்பளைக உக்காருவாகளா என்று ஒரே பிடி.

ஜனங்கள் பேர் போடாமல் தங்கள் தேவையை எழுதிப் போடட்டும் என்று ஜெப விண்ணப்பப் பெட்டியை வாசலில் வைத்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி முன்னால் சீட்டுகளை நான்தான் வாசித்தேன். பத்தாவது சீட்டோ என்னவோ, 7 வருஷமாகத் தூக்கமில்லை, காரணமில்லாமல் பயம், நெஞ்சு படபடக்கிறது, அதை அடக்கத்தான் குடிக்கிறேன், நான் செவ்வாய் வருவதா வியாழன் வருவதா என்று இருந்தது. அந்த 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. வாத்தியாராகத் திருத்தின பரீட்சைத் தாளிலிருந்து வீட்டுக் காலண்டர் வரைக்கும் உன் அப்பா போடுகிற கோடு. ரிட்டயர் ஆகி ஏழு வருஷம், என் பக்கத்தில் படுக்கிற மனுஷன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை ஜெனி. வாயு வாயு என்று ஓமத் தண்ணீர் குடிப்பாரே, அந்த வாசனையில் மற்ற வாசனை எனக்கு எட்டவேயில்லை, பாட்டில் பாட்டிலாக நானேதான் வாங்கிக் கொடுத்தேன். ஊருக்கு உபதேசம் பண்ணப் போனவள் நான். கோபமும் வந்தது, அதைவிட வெட்கம். நான்தான் வாசிப்பேன் என்று தெரிந்துதானே போட்டிருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

நிமிர்ந்து பார்த்தேன், அப்பா குனிந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். சீட்டை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டு, எல்லோருக்கும் செவ்வாய் ஒரே நாள், ஒரே வாசல், இதுதான் என் ஓட்டு என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள், அப்பா கடைசியாகத் தூக்கினார். வீட்டில் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்று காலையில் மட்டும், மொத செவ்வாய்க்கு நீயும் வாரியா பாக்கியம் என்றார். வாரேன் என்றேன்.

நீ ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சாப்பிட்டீங்களா என்று கேட்காமல், தூங்கினீங்களாப்பா என்று கேள். ஆண்டவர் உங்கள் வீட்டுக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும். கவரை ஒட்டி, விலாசம் எழுத அப்பாவிடம்தான் கொடுக்கப் போகிறேன், என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். உன் வீட்டு நம்பரில் வருகிற அந்த 7-ஐப் பார், கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பாக்கியம் கிறிஸ்துராஜ்