அறுபத்தேழு ரப்பர் வாத்துகளும் என் மகள் மீதான பயணத் தடையும்

அனுப்புநர்
டார்லீன் கிட்ரி,
பள்ளிச் சமையலர்,
போமாண்ட், டெக்சஸ்.

பெறுநர்
திருமதி கான்ஸ்டன்ஸ் பெல்லமி,
இயக்குநர், பயணிகள் நலப் பிரிவு,
மெரிவெல் உல்லாசக் கப்பல் நிறுவனம்,
மயாமி, ஃபுளோரிடா.

பொருள்: என் மகள் ஜோசிக்கு விதிக்கப்பட்ட பயணத் தடையை நீக்கி, டிசம்பர் பயணத்துக்கு எங்களை மீண்டும் அனுமதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள்: ஏப்ரல் 9.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. என் மகள் ஜோசிக்கு வயது பதினொன்று. அவளுக்கு ஆட்டிசம் உண்டு. பேச்சு குறைவு. ஆனால் ஒரு விதியை ஒருமுறை சொல்லிவிட்டால் உயிரே போனாலும் மீற மாட்டாள். இந்த மனு முழுவதும் அந்த ஒரு குணத்தைப் பற்றியதுதான்.

2. நாங்கள் விடுமுறை என்று கிளம்பி உருப்படியாக முடித்ததே இல்லை. விடுதிக்குப் போனால் படுக்கை புதிது, தட்டு புதிது. இரண்டாம் நாளே வீடு திரும்புவோம். கப்பலில் அப்படியில்லை. எந்த ஊர் வந்தாலும் அதே படுக்கை, அதே ஜன்னல். கடந்த மார்ச் மாதம் நானும் என் கணவர் வேடும் ஜோசியும் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஐந்து நாள் பயணமாகத் தங்கள் கப்பலில் ஏறினோம். எங்கள் வாழ்நாளில் அதுவே முதல் கப்பல் பயணம். முதல் மாலையே ஜோசிக்கு எது பிடிக்கும் என்று பரிமாறுபவர் தெரிந்துகொண்டார். மறுநாள் நாங்கள் உட்காரும் முன்பே வெண்ணெய் மட்டும் போட்ட நூடுல்ஸ் மேசைக்கு வந்துவிட்டது. நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் புகாரைச் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

3. முதல் நாளே ஜோசியின் கண்ணில் ஒரு ரப்பர் வாத்து பட்டது. பூத்தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. பிறகு நூலகத்தில் ஒன்று, பியானோ மூடிக்குள் ஒன்று. யாரோ குழந்தைகள் தவறவிட்டவை என்று நினைத்து, எங்கள் வீட்டில் உள்ள விதியையே அவளுக்குச் சொன்னேன்: "தொலைஞ்சுபோன சாமானை ஒரே இடத்துல கொண்டுவந்து வை. உரியவங்க வந்து எடுத்துக்குவாங்க." அவள் அப்படியே செய்தாள். இரண்டாம் நாள் மாலைக்குள் ஐந்தாம் தளப் படிக்கட்டு ஜன்னல் விளிம்பில் அறுபத்தேழு வாத்துகள், நிறவாரியாக, ஒரே நேர்கோட்டில் நின்றன.

4. பயணிகள் அந்த வாத்துகளை ஒருவருக்கொருவர் கண்டுபிடிக்க வேண்டுமென்றே ஒளித்துவைக்கிறார்கள் என்பது கப்பலில் பழகிய எல்லாருக்கும் தெரிந்த வழக்கமாம். எங்களுக்குத் தெரியாது. தங்கள் நாற்பத்தாறு பக்கக் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒவ்வொரு வாத்தின் கழுத்திலும் விவரச் சீட்டு இருந்தது உண்மை. ஜோசி அடுக்கிய வரிசையை யாரும் தொடக்கூடாது என்பதால் நான் படிக்கவில்லை. தவறு என்னுடையது. அதை எங்கும் ஒப்புக்கொள்வேன்.

5. இதற்குள் கப்பலில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. டல்சாவைச் சேர்ந்த திருமதி பெர்னிஸ் ஸ்ட்ரவுட் என் காதுபடவே, "அந்தப் பொண்ணு மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிடுது. மத்த பிள்ளைங்க எதைத் தேடும்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

6. மூன்றாம் நாள் காலை, மேற்பார்வையாளர் திரு. பிரெஸ்காட் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஜோசியின் கண்ணெதிரே, அத்தனை வாத்துகளையும் குப்பைப் பையில் வழித்துப் போட்டார். அவள் கம்பளத்தில் விழுந்து நாற்பது நிமிடம் கதறினாள். நான் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இந்த மாதிரி பிள்ளைங்கள கூட்டிட்டு வர்ற இடமா மேடம் இது?" பெற்றோர் இருவரும் உடன் இல்லாமல் சிறுமி அறையை விட்டு வரக்கூடாது என்றும் எழுத்தில் உத்தரவிட்டார். கதறி ஓய்ந்த ஜோசி அறையை விட்டு வர மறுத்ததால், அன்று கப்பல் நின்ற மெக்சிகோவின் கொசுமெல் கரையை நாங்கள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம்.

7. அன்று பிற்பகல் எங்கள் அறைப் பணியாளர் கெட்டுட் அந்தப் பையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். "இது யாரும் தொலைச்சது இல்ல மேடம். வேணும்னே ஒளிச்சு வைக்கிறது. சீட்டைப் பாருங்க" என்றார். படித்தேன். 'கண்டெடுத்தவர் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் மறுபடி ஒளிக்கலாம்' என்று இருந்தது. என் கணவர், "அப்போ குத்தவாளி நீதான் டார்லீன்" என்றார். ஜோசியிடம் உண்மையைச் சொன்னேன்: "அம்மா தப்பாச் சொல்லிட்டேன். இது தொலைஞ்சது இல்ல, ஒளிச்சது." அவள் அந்தப் பையை இழுத்துத் தன் படுக்கையருகே வைத்துக்கொண்டாள்.

8. நான்காம் நாள் காலை, காதில் ஒலிதடுப்பானை மாட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஜோசி கதவருகே நின்றாள். திரு. பிரெஸ்காட்டின் உத்தரவை மீறாமல் பெற்றோர் இருவரும் பின்னால் நடந்தோம். நான்கு மணி நேரம். பத்துத் தளங்கள். கையில் குறிப்பு ஏதும் இல்லை. கடற்கொள்ளையன் தொப்பி போட்ட வாத்து பியானோ மூடிக்குள் போனது. மணப்பெண் வாத்து நூலகத்தில் மூன்றாம் அலமாரிக்குப் போனது. எங்கே எடுத்தாளோ அங்கேயே, அறுபத்தேழையும் வைத்தாள்.

9. போகப் போகப் பிள்ளைகள் பின்னால் சேர்ந்தார்கள். கூட்டம் என்றால் ஜோசி சுவரோடு ஒட்டிக்கொள்வாள். அன்று ஒட்டவில்லை. காரணம், குற்றம் சொன்ன அதே திருமதி ஸ்ட்ரவுட் முன்வரிசையில் நின்று வாயில் விரல் வைத்து, "சத்தம் போடாதீங்க பசங்களா, அவ வேலை பார்க்குறா" என்று எல்லாரையும் அடக்கிக்கொண்டு வந்தார். அவர் ஒளித்தவை பன்னிரண்டு. ஒளித்தபோதே படம் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "பன்னெண்டும் வெச்ச இடத்துல இருக்கு. மூக்கு எந்தப் பக்கம் பார்த்துச்சோ அந்தப் பக்கமே பார்க்குது. நான் பேசினதை மறந்துடும்மா." எனக்கு அந்த நிமிடம் கப்பலே என்னுடையது போல இருந்தது. அந்தப் படங்களையும், அன்று பின்னால் நடந்தவர்களும் பார்த்தவர்களுமாக இருநூற்றுப் பதினான்கு பயணிகள் இட்ட கையொப்பங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். முதல் கையொப்பம் திருமதி ஸ்ட்ரவுட்டுடையது.

10. தங்கள் கடிதமோ, என் மகள் "பிறர் பொருளைக் கைப்பற்றினாள், பணியாளர் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை" என்று கூறி, டிசம்பர் பயணத்துக்கான எங்கள் பதிவை ரத்து செய்கிறது. நான்காம் நாளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள் அம்மையீர். கப்பலில் அன்று விதிக்குக் கட்டுப்பட்டவர்களில் என் மகளை மிஞ்சியவர் ஒருவரும் இல்லை. தவறான விதியைச் சொன்னோம், அதன்படி நடந்தாள். சரியான விதியைச் சொன்னோம், அதன்படியும் நடந்தாள்.

11. எனவே, பதிவேட்டிலிருந்து அந்தக் குறிப்பை நீக்கவும், டிசம்பர் 12 பயணத்தில் எங்களுக்கு மார்ச்சில் தங்கிய அதே 5217ஆம் அறையைத் திருப்பித் தரவும், கெட்டுட்டின் பெயரைப் பாராட்டுப் பட்டியலில் சேர்க்கவும் வேண்டுகிறேன். திரு. பிரெஸ்காட்டுக்குத் தண்டனை எதுவும் கேட்கவில்லை. வழித்துப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னால் போதும்.

12. கடைசியாக ஒன்று. ஊர் திரும்பியதும் ஜோசி, வீட்டுக் குளியல் தொட்டியில் கிடந்த தன் மஞ்சள் ரப்பர் வாத்தின் கழுத்தில் தானே எழுதிய சீட்டைக் கட்டினாள். நாட்காட்டியில் டிசம்பர் 12ஐ வட்டமிட்டிருக்கிறாள். கப்பலில் எங்கே ஒளிக்கப் போகிறாய் என்று கேட்டேன். சிரித்தாள், சொல்லவில்லை. பதினொரு வருடத்தில் என் மகள் என்னிடம் ஒளித்த முதல் விஷயம் இதுதான். அது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையே இல்லை. அவள் அதை ஒளிக்கத் தங்கள் கப்பல் வேண்டும், அவ்வளவே.

இடம்: போமாண்ட்
நாள்: ஏப்ரல் 21

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
டார்லீன் கிட்ரி
ஜோசி கிட்ரி (தன் கையால்)