கறிவேப்பிலைக்குப் போன பசளை

செப்டெம்பர் 4

வாயால் மச்சான் என்று கூப்பிடுகிறேன். இங்கே அப்படி எழுத மாட்டேன். இங்கே அவன் றிஸான்.

என் கூடப் பிறந்த மூத்தவள் ஹஸீனா ராத்தாவைக் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம். வரும்போது ஒரு பெட்டியும் மோட்டார் சைக்கிளும்தான் கொண்டுவந்தான். இப்போது வீட்டைச் சுற்றி வளவு முழுக்க அவனுடைய தொட்டிகள். போன வருடம் என் அறைக்குள்ளும் நான்கு கண்ணாடித் தொட்டிகளை வைத்துவிட்டான். மீன் ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் வளரும் செடிகள் மட்டும். மீன் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் விற்கிறான். விற்பது அவன், வளர்ப்பது நான். விடியச் சுபஹ் தொழுதவுடன் பழுத்த இலைகளை வெட்டி, கண்ணாடியில் படிந்த பாசியை வழித்து, குழாய் போட்டு அடியில் கிடக்கும் ஊத்தையை இழுத்து, கிணற்றுத் தண்ணீர் மாற்றி, இரண்டு போத்தல் உரப் பசளையும் அளந்து ஊற்றி முடித்த பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி.

இன்று மட்டக்களப்பு டவுனிலிருந்து ஒரு கடைக்காரர் செடி எடுக்க வந்தார்.

"என்ன பச்சை! ஆர்ர கை இது?"

"நம்மட புள்ளதான்," என்று என்னைக் காட்டினான்.

"பள்ளிக்கூடம் போறயா மகள்?"

நான் பேசுவதற்குள் அவனே சொன்னான். "இப்ப போறா. பதினாறு முடிஞ்சிட்டுதானே, இனி மறிச்சாலும் ஆரும் கேக்க ஏலா. ஓஎல் எழுதி இவ டொக்டராகவா போறா? இந்தக் கை இரிக்கக்குள்ள பள்ளிக்கூடம் என்னத்துக்கு?"

இருவரும் சிரித்தார்கள். பெப்ரவரியில் ஓஎல் பரீட்சை. அவன் விளையாட்டுக்குப் பேசுகிறவன் இல்லை.

செப்டெம்பர் 5

ஏன் இவ்வளவு நன்றாகச் செய்தேன்? கெடுத்திருந்தால் என்னை விட்டிருப்பான்.

செப்டெம்பர் 9

குவைத்திலிருந்து உம்மா ராத்தாவின் ஃபோனுக்குக் குரல் அனுப்பியிருந்தா. "றுமானா, மச்சான் சொல்லுறதக் கேளுகா. வாப்பா இல்லாத ஊட்டில அவர்தான் ஆம்பிள. நீங்க ரெண்டு பேரும் கோபிச்சிக்கிட்டா எனக்கி இஞ்ச நித்திர இல்ல."

அவன் என்ன சொல்லி வைத்திருக்கிறானோ. ராத்தா ஃபோனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "கேட்டயா?" என்றாள். கேட்டேன். உம்மாவின் குரலுக்குப் பின்னால் யாரோ உம்மாவை அதட்டிக் கூப்பிட்டார்கள். அதையும் கேட்டேன்.

செப்டெம்பர் 12

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. தொட்டி மோட்டார் இரைகிற சத்தத்தில் பேனா கீறும் சத்தம் வெளியே கேட்காது.

இன்று பசளையை மூடியில் அளந்து எடுத்தேன். அவன் வாசலில் நின்றதால் தொட்டிக்கு மேலே கையைக் கொண்டுபோனேன். அவன் திரும்பியதும் ஜன்னலால் வெளியே ஊற்றிவிட்டேன். இரண்டு போத்தலிலும் அப்படியே செய்தேன். பிறகு மூடியில் வெறும் தண்ணீர் எடுத்து, அவன் பார்க்க ஆறுதலாக, அவசரமில்லாமல் தொட்டிகளுக்கு ஊற்றினேன். வேருக்கு வைக்கிற, மாத்திரை போன்ற பசளைக் குளிசைகளையும் மணலுக்குள் வைக்கவில்லை. சீனியும் ஈஸ்டும் போட்ட சோடாப் போத்தலை மட்டும் மாற்றினேன். செடிக்கு வேண்டிய வாயு அதிலிருந்து குமிழியாக வராவிட்டால் அவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

வாடட்டும். வாடினால், "உனக்கு ஏலாது, போய்ப் படி" என்று துரத்துவான். துரத்த வேண்டும்.

செப்டெம்பர் 20

ஒன்றும் ஆகவில்லை. என்ன பிடிவாதம் இந்தச் செடிகளுக்கு! பட்டினி போட்டும் அசையாமல் நிற்கின்றன.

செப்டெம்பர் 27

தொடங்கிவிட்டது.

நீளமான கொடிச்செடிகளில் புதுத் தளிர் மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து இல்லை. அகல இலைச் செடியில் பழைய இலைகளில் ஊசியால் குத்தினது போல ஓட்டைகள். அது பொட்டாசியம். எது எதனால் வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவனுக்குப் பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் என் பிழை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவிட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஒக்டோபர் 1

நான் ஒரு மடைச்சி.

பின்னேரம் வந்து பார்த்தான். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி இலையைப் பிய்த்தான். நான் கட்டிலில் இருந்து கடந்தகால வினாத்தாள் செய்துகொண்டிருந்தேன். அந்த ஈர இலைகளை வினாத்தாளின் மேல் போட்டான். தண்ணீர் மடியில் ஓடியது.

"இது என்ன?"

நான் வினாத்தாளை எடுத்து உதறினேன்.

"கேக்கிறன், இது என்ன? வாயில்லாச் சாமான், பசிக்குதெண்டு சொல்லுமா? படிப்பு படிப்பெண்டு ஒன்ட கவனம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில. மாசக் கடைசியில பாசிக்குடா ஹோட்டல்லேருந்து பாக்க வாறாங்க. அவங்கட முன்மண்டபத்துக்குப் பெரிய டேங்க். இதையா காட்டுற? நாளைக்கிலேருந்து பள்ளிக்கூடம் போகத் தேவல்ல."

பையை எடுத்து அலுமாரிக்கு மேலே எறிந்தான். ராத்தா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

நன்றாக வளர்ந்தால், நல்ல கை, வீட்டில் நில் என்றான். வாடினால், கவனம் போதாது, நில் என்கிறான். இது எனக்கு ஏன் முன்னமே விளங்கவில்லை? அவனை விட நான் கெட்டிக்காரி என்று நினைத்தேனே!

ஒக்டோபர் 3

என் வகுப்பு ஸகியா நோட்ஸ் கொண்டு வந்தாள். வாசல் படலையிலேயே மறித்துவிட்டான். "அவக்கி சுகமில்ல மகள். சுகமானா வருவா." எவ்வளவு இனிமையான குரல்! உள்ளே நின்று கேட்டேன். சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை.

நோட்ஸை அவன்தான் வாங்கினான். இன்னும் என்னிடம் தரவில்லை.

ஒக்டோபர் 6

செடி தேறினால் பள்ளிக்கூடம் விடுவானா? கேட்டேன். கேட்கும்போது சுவரைப் பார்த்துத்தான் கேட்டேன். "முதல்ல தேறட்டும், மறுகா பாப்பம்," என்றான். பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். இருந்தாலும் வேறு என்ன வழி?

எல்லாத் தொட்டிக்கும் இரண்டு மடங்கு பசளை ஊற்றினேன்.

ஒக்டோபர் 10

அதுவும் பிழையாகிவிட்டது. பசித்துக் கிடந்த செடிக்கு ஒரேயடியாகக் கொட்டினால் செடி எடுக்காது, பாசிதான் எடுக்கும். தெரிந்தும் செய்தேன். இப்போது இலைகளில் எல்லாம் பச்சை மயிர் போலப் பாசி. கண்ணாடியிலும் பாதியை மூடிவிட்டது.

"வேணுமெண்டு செய்யிறயா?" என்று காதைப் பிடித்துத் தொட்டிக்குக் கிட்டே இழுத்தான். மூக்கு கண்ணாடியில் இடித்தது. "பாரு. நல்லாப் பாரு."

பார்த்தேன். கண்ணாடியில் அவனுடைய முகமும் தெரிந்தது. அவனுக்கும் பயம். எனக்கு ஏன் அதைப் பார்த்து இரக்கம் வரவில்லை? வரத் தேவையில்லை.

ஒக்டோபர் 11

பாதித் தண்ணீரை மாற்றினேன். லைட் எரியும் நேரத்தைக் குறைத்தேன். பாசியைப் பழைய பல்தூரிகையில் சுற்றிச் சுற்றி எடுத்தேன். ஓட்டை விழுந்த இலைகளை எல்லாம் வெட்டினேன். ஓட்டை இனி மூடாது. அந்த இலையை வைத்திருந்தால் அழுகித் தண்ணீரையும் கெடுக்கும். பசளை சரியான அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள். குளிசைகள் ஒவ்வொரு வேருக்கும் கிட்டே.

வெட்டி முடித்தபோது தொட்டிகள் மொட்டையாக நின்றன. ராத்தா எட்டிப் பார்த்து, "எல்லாத்தையும் சாகடிச்சிட்டயா?" என்றாள்.

இல்லை. வேர் எல்லாம் வெள்ளையாக, உயிரோடு இருக்கிறது.

ஒக்டோபர் 18

புது இலைகள் வந்துவிட்டன. ஓட்டை இல்லை. மஞ்சள் இல்லை. கொடிச்செடி தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டது.

அவன் தொட்டி தொட்டியாக நடந்தான். சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்! "பாத்தயா? ஊட்ட இருந்தா எப்பிடி வருதெண்டு? இதத்தான் நான் முதலே சொன்னன்."

பள்ளிக்கூடம் என்று கேட்டேன்.

"என்ன பள்ளிக்கூடம்?"

இந்தச் செடிகள் நாசமாகப் போகட்டும். அவனும் போகட்டும். நான் அழவில்லை. அழுதால் அந்தச் சத்தத்துக்கும் வந்து, தொட்டித் தண்ணீரின் சூட்டைப் பார்க்கிற மாதிரி என் அறையில் நிற்பான்.

ஒக்டோபர் 20

ராத்தா கண்டுபிடித்துவிட்டாள்.

என் ஜன்னலுக்குக் கீழே அவள் நட்ட கறிவேப்பிலை நிற்கிறது. இரண்டு வருடமாக முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத கன்று. இன்று கறிக்கு இலை ஆயப் போனவள் திரும்பி வந்து கதவடியில் நின்றாள்.

"அந்தக் கறிவேப்பில ஏன் இந்தத் தள தளைச்சிரிக்கி?"

"தெரியா."

"நான் ஒண்டும் போடல்ல. ஜன்னல் கட்டையில பசளைக் கறை இரிக்கி. ஊத்தி ஊத்திக் கறுத்திரிக்கி."

நான் நிலத்தைப் பார்த்தேன். அறைந்தாள். கன்னம் இன்னும் எரிகிறது.

"கள்ளி! அந்த மனுசன் பைத்தியம் புடிச்சாப் போல ராவு ராவா எழும்பி டேங்கப் பாத்திச்சு. நீ பசளைய எடுத்து மரத்துக்கு ஊத்தினயா?"

"பள்ளிக்கூடம் போகணும் ராத்தா."

"போ! போய்த் தொல!" என்றாள். எங்கே போக என்று சொல்லவில்லை. இலையை முந்தானையில் கட்டிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

ஒக்டோபர் 21

அவன் இரண்டு தரம் என் அறைக்கு வந்தான். இரண்டு தரமும் ராத்தா சொல்லிவிட்டாள் என்றே நினைத்தேன். ராத்தா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவனிடம் சொல்லாமல் எதற்காக மறைத்து வைத்திருக்கிறாள்?

ஒக்டோபர் 24

எப்படி எழுதுவது? ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் ஹோட்டலிலிருந்து இருவர் வேனில் வந்தார்கள். செடிகள் பிடித்துவிட்டன. மூத்தவர், "செடி தாறது சரி. கிழமைக்குக் கிழமை வந்து பராமரிக்க ஆள் வேணும். நம்மட பொடியன்மார் ரெண்டு தரம் சாகடிச்சிட்டானுகள்," என்றார்.

றிஸான் உடனே சொன்னான். "அதுக்கென்ன, ஆள் இரிக்கி. இந்தப் புள்ளதான் எல்லாம் செய்யிற. கிழமைக்கு ஒருக்கா பைக்கில ஏத்திக்கி வாறன்."

அவர்கள் போனதும் ராத்தா படலையைச் சாத்தினாள். பிறகு அவனிடம் திரும்பினாள்.

"ஆர ஏத்திக்கிப் போகப்போறீங்க?"

"றுமானாவத்தான். ஏன்?"

"குமர்ப் புள்ளைய? கடக்கரை ஹோட்டலுக்கு? வெள்ளைக்காரனுகள் அரை உடுப்போட திரியிற இடத்துக்கு, மச்சான்ட பைக்கில? ஊர் என்ன கதைக்கும்? நாளைக்கி ஆர் வந்து இவள முடிப்பான்?"

"தொழிலுக்குத்தானே போற..."

"ஒங்கட தொழில். அவட தொழில் இல்ல. திங்கக்கிழம அவ பள்ளிக்கூடம் போவா. டேங்க நான் பாக்கிறன்."

"ஒனக்கு என்ன தெரியும்?"

"காட்டித் தருவா. பழகுறன். ஹோட்டலுக்கு நீங்களே போய்க் கழுவுங்க, ஒங்களுக்குக் கையில்லயா?"

அவன் குரலை உயர்த்தினான். இந்த வீட்டில் ஆம்பிளை சொல்கிற சொல்லுக்கு மதிப்பில்லையா என்று கத்தினான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ராத்தா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இது என்ட உம்மா அரபி ஊட்டில கூட்டிக் கழுவிக் கட்டின ஊடு. எனக்கிச் சீதனமா எழுதின ஊடு. ஒங்களுக்குப் புடிக்காட்டி டேங்க எல்லாம் லொறியில ஏத்தி ஒங்கட உம்மாட வளவுக்குக் கொண்டு போங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அதுவும் இப்ப ஒங்கட தங்கச்சிட ஊடுதானே. கேட்டுப் பாருங்க, இடம் தருவாவா எண்டு."

அவன் முகத்தில் இரத்தம் இல்லை. இந்த ஊரில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும், ஆம்பிளைக்குச் சொந்த வீடு இல்லை; எல்லா ஆம்பிளைக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. பைக்கை உதைத்துக்கொண்டு வெளியே போனான்.

ராத்தா என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் பல்லக் காட்டிக்கி நிக்கிறாய்? ஒனக்காகச் செய்தனெண்டு நினைக்காத. கறிவேப்பில விஷயம் என்ட வயித்துக்குள்ள இரிக்கி. பெயில் ஆனயோ, எடுத்து வெளிய விடுவன்."

நான் பல்லைக் காட்டவில்லை.

ஒக்டோபர் 25

அவன் வந்துவிட்டான். யாருடனும் பேசாமல் சாப்பிட்டான். ராத்தா மனம் மாறிவிடுவாளோ?

ஒக்டோபர் 27

போனேன்!

மூன்று கிழமைப் பாடம் போய்விட்டது. விஞ்ஞான டீச்சர், "சுகமாயிட்டா?" என்று கேட்டா. ஓம் என்றேன். பின்வரிசை வாங்கில் இருந்து ஒருத்தி, "கல்யாணம் பேசி மறிச்சதெண்டு கேள்விப்பட்டம்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸகியா சிரிக்கவில்லை. நோட்ஸ் எல்லாம் மறுபடி எழுதித் தருகிறாளாம்.

நவம்பர் 3

ராத்தாவுக்குத் தொட்டி வேலையைப் பழக்குகிறேன். தண்ணீருக்குள் கையை வைக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறாள். பாசி நாறுது என்கிறாள். பொட்டாசியம் போத்தலையும் இரும்புப் போத்தலையும் மாற்றிப் பிடிக்கிறாள். "நீ படிச்சிக் கிழிக்க நான் ஊத்தைய அள்ளணும்," என்கிறாள். ஆனால் அள்ளுகிறாள்.

அவன் நேற்றுத் தனியாகப் பாசிக்குடா போய்வந்தான். கைவிரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

நவம்பர் 12

மழை. பள்ளிக்கூடத்தால் நனைந்து வந்தேன். உடுப்பு மாற்றி, புத்தகத்தை விரித்தேன். நாளைக்குக் கணக்கில் சோதனை.

ராத்தா வாசலுக்கு வந்தாள். "வெளி டேங்கில ரெண்டு செடி நாறுதுகா. பசளை எல்லாம் சரியாத்தான் ஊத்தினன். தண்டு கொழகொழண்டு வருது. வந்து பாரு."

அவளுக்குப் பின்னால் அவன். கையில் வாளி. தலையில் மழைக்குக் கவிழ்த்த பொலித்தீன் சொப்பின் பை.

"கணக்கு இரிக்கி. முடிச்சிட்டு வாறன்," என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். ராத்தா திரும்பி அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"அவ முடிச்சிட்டு வரட்டும்," என்றாள்.

தடித்த தண்டுச் செடியை ராத்தா மணலுக்குள் புதைத்திருப்பாள். அதைக் கல்லில் கட்டிவிட வேண்டும், வேர் மட்டும்தான் தொங்கலாம். பார்க்காமலே தெரியும். ஒரு நிமிட வேலை.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தான்.

ஐந்து கணக்குகள் இருந்தன. கடைசிக் கணக்கு மிகவும் இலேசு. அதையும் மெதுவாகத்தான் செய்தேன்.